ஆய்வுக்கூடத்தில் நமக்கோர் இடம்: ஒரு வரலாற்று நோக்கு

செங்கற்பட்டுச் சீமையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பல்லவர் காலத்து மாமல்லபுரத்திலிருந்து தொடங்குவது வழக்கம். கல்லைக் குடைந்து கோயிலாக்கிய அக் கடற்கரையை ஒட்டியே இன்று அணுவைப் பிளந்து ஆற்றலாக்கும் பணி நடைபெறுகிறது. 1971ஆம் ஆண்டில் கல்பாக்கத்தில் அணு உலை ஆய்வு மையம் நிறுவப்பெற்றது. 1985ஆம் ஆண்டில் அது இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அவ்வாண்டு அக்டோபர் திங்களில் அங்குள்ள வேக ஈனுலைச் சோதனை உலை இயங்கத் தொடங்கியது. இம் மையத்திலும் மின் நிலையத்திலும் பணிபுரிவோர் குடியிருக்க எழுந்த நகரியங்களுள் ஒன்றே, கல்பாக்கத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் இடையே அமைந்துள்ள அணுபுரம். அதன் மதிலுக்கு அப்பால் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் சேரிகளும் காலனிகளும் உள்ளன.

அம் மதிலின் வாயிலைக் கடந்து உள்ளே சென்ற நம்மவர் பலர். மண் சுமக்கச் சென்றோர் உண்டு. கட்டடம் எழுப்பச் சென்றோர் உண்டு. தோட்டம் பேணவும் துப்புரவு செய்யவும் சென்றோர் உண்டு. ஆய்வுக்கூடத்தில் கருவியின் முன் அமர்ந்து, தம் பெயரால் ஓர் ஆய்வுக் கட்டுரையை உலகுக்கு அளிக்கச் சென்றோர் எத்துணைப் பேர்? அவ்வாறு சென்ற சிலரும் அங்கு எவ்வாறு நடத்தப்பெற்றனர்? இவ்வினாக்கள் கல்பாக்கத்துக்கு மட்டும் உரியன அல்ல. இந்திய நாட்டின் பல்கலைக்கழகம் ஒவ்வொன்றிலும் உள்ள ஆய்வுக்கூடம் ஒவ்வொன்றுக்கும் உரியன. நம் கழகத்தின் வெள்ளிவிழாக் காலத்தில் இவற்றைச் சிந்திப்பது பொருத்தமாகும். பள்ளிக்கூடம் வரையிலும் கல்லூரி வரையிலும் நம் பிள்ளைகளைக் கொண்டு சேர்த்த சமுதாயம், அதற்கு அப்பாலுள்ள படிகளையும் அறிந்துகொள்ள வேண்டாமா?

கோழியாளத்துச் சிறுவன்

நம் மாவட்டத்து மதுராந்தகம் வட்டாரத்திலுள்ள கோழியாளம் என்னும் ஊரில் 1860ஆம் ஆண்டில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். பின்னாளில் 1893ஆம் ஆண்டில் ‘பறையன்’ என்னும் பெயராலேயே இதழ் தொடங்கியவரும், 1930ஆம் ஆண்டில் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்தவரும் அவரே. அவர் கோயமுத்தூரில் பயின்ற காலத்து அனுபவத்தைத் தம் சீவிய சரித்திரச் சுருக்கத்தில் குறித்துள்ளார். அங்குப் பயின்ற ஏறக்குறைய 400 மாணவருள் மிகப் பெரும்பாலோர் பிராமணர். தம் சாதியும் இருப்பிடமும் தெரிந்துவிடுமோ என அஞ்சிய அவ்விளைஞர் உடன் பயில்வோருடன் பழகுவதையே தவிர்த்தார். பள்ளிக்கு வெளியே ஓரிடத்தில் இருந்து படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பின்னரே வகுப்புக்குள் செல்வாராம். விளையாட்டிலும் கலந்துகொள்வதில்லை.

இந்நிகழ்ச்சியில் நாம் கருத வேண்டியது ஒன்று உண்டு. அப் பள்ளியின் வாயில் அவருக்கு அடைக்கப்படவில்லை, பெயர் பதிவேட்டில் இருந்தது, கட்டணமும் ஏற்கப்பட்டது. ஆயினும் மணி அடிப்பதற்கு முன்னுள்ள பொழுதும், வகுப்பு முடிந்த பின்னுள்ள பொழுதும் அவருக்கு மறுக்கப்பட்டன. பாடத்தில் புரியாததை ஒருவரையொருவர் கேட்டுத் தெளிவதும், எந்த ஆசிரியர் எதை விரும்புவார் என அறிவதும், அடுத்து எங்குச் சென்று பயிலலாம் எனக் கேள்விப்படுவதும் அப் பொழுதுகளிலேயே நடைபெறுகின்றன. அவை யாவும் அவருக்கு இல்லாமற் போயின. சேர்க்கை வேறு, சேர்ந்து வாழ்தல் வேறு என்பதற்கு நம் மண்ணின் பழைய சான்று இதுவாகும்.

பந்தியும் தண்ணீர்ப் பானையும்

இந்நிலை தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. வங்கத்தில் டாக்கா அருகே ஒரு சிற்றூரில் 1893ஆம் ஆண்டில் பிறந்த மேகநாத சாகா, தாழ்வாகக் கருதப்பட்ட வணிகச் சாதியினர். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பயின்றபோது ஈடன் இந்து விடுதியில் தங்கினார். உடன் தங்கிய உயர்சாதி மாணவர் சிலர் அவருடன் ஒரே பந்தியில் உண்ண மறுத்தனர். அந்த மாணவரே 1920ஆம் ஆண்டில் விண்மீன்களின் ஒளியைக் கொண்டு அவற்றின் வெப்பநிலையை அறியும் வழியைத் தம் சமன்பாட்டால் உலகுக்கு அளித்தார். 1927ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார்.

சாகாவின் வெற்றியைக் காட்டி, ‘திறமை இருந்தால் எவரும் உயரலாம்’ என்று கூறுவோர் உளர். அவர்கள் ஒரு பகுதியை மறந்து பேசுகின்றனர். பந்தியில் விலக்கிய அதே கல்கத்தாவில் பிரபுல்ல சந்திர ராய் போன்ற ஆசிரியரும் அவருக்கு வாய்த்தனர். 1916ஆம் ஆண்டில் அசுதோஷ் முகர்ஜியின் முயற்சியால் எழுந்த அறிவியல் கல்லூரியில் அவருக்கு விரிவுரையாளர் பணி கிடைத்தது. பின்னர் அவரே அலகாபாத்தில் பேராசிரியராக இருந்து ஒரு மாணவர் கூட்டத்தை உருவாக்கினார். அவர்களுள் ஒருவரான தௌலத் சிங் கோத்தாரி, பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவராகவும் 1964-66 கல்விக் குழுவின் தலைவராகவும் விளங்கினார். ஆதரவு பெற்றவர் ஆதரவு அளிப்பவராக மாறும்போது அறிவுலகில் ஒரு மரபு தோன்றுகிறது.

அண்ணல் அம்பேத்கர் வாழ்விலும் இவ்விரு பக்கங்களையும் காண்கிறோம். 1913ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்குச் செலிக்மன் என்னும் பொருளியல் பேராசிரியரின் வழிகாட்டுதல் கிடைத்தது. பிறருடன் சரிநிகராகப் பழகும் வாய்ப்பும் கிடைத்தது. ஆனால் தாயகம் திரும்பி, 1918ஆம் ஆண்டில் பம்பாய் சிடனாம் கல்லூரியில் பேராசிரியராக அமர்ந்தபோது, ஆசிரியர் அறையிலிருந்த தண்ணீர்ப் பானையை அவர் தொடுவதற்கு உடன் பணிபுரிந்தோர் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். உலகின் பெரும் பல்கலைக்கழகம் ஒன்றில் பயின்று வந்த பேராசிரியருக்கே அந்நிலை! பட்டம் மட்டும் தீண்டாமையைப் போக்கிவிடாது என்பதை இதனால் உணர்கிறோம். அதனாலன்றோ அவர் 1945ஆம் ஆண்டில் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, அடுத்த ஆண்டே பம்பாயில் சித்தார்த்தக் கல்லூரியைத் தொடங்கினார்.

எழுதிய உரிமையும் எய்திய உரிமையும்

தண்ணீர்ப் பானையைத் தொடக்கூடாது என்று எந்தக் கல்லூரியின் சட்டப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. மணி அடித்த பின்னரே வரவேண்டும் என்று சீனிவாசனாருக்கு எவரும் ஆணை பிறப்பிக்கவில்லை. நம்மை விலக்கிய விதிகளில் மிகப் பல எழுதாத விதிகளே. ஆதலின் நம் முன்னோர் எழுதிய விதிகளைக் கேட்டுப் போராடினர். 1924ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாகப் பொதுச் சாலை, பொதுக் கிணறு, அரசு அலுவலகம் ஆகியவற்றில் அனைவருக்கும் உரிமை உண்டு என்பது அரசின் எழுத்தில் ஏறியது.

எழுத்தில் ஏறினால் மட்டும் போதுமா? அதற்கும் நம் மாவட்டமே விடை கூறுகிறது. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891ஆம் ஆண்டில் நம் மக்களின் நிலைபற்றி அரசுக்கு அளித்த அறிக்கையின் விளைவாக, 1892ஆம் ஆண்டு முதல் பஞ்சமி நிலங்கள் வழங்கப்பட்டன. அந்நிலங்களைப் பிறர் வாங்கக்கூடாது என்ற நிபந்தனையும் எழுதப்பட்டிருந்தது. எழுதியிருந்தும் நிலங்கள் கைமாறின. காரணை நிலத்தை மீட்கும் கிளர்ச்சியில் 1994ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் பலியாயினர். எழுதிய உரிமையைக் காக்க விழிப்புள்ள மக்கள் உடன் நிற்க வேண்டும் என்னும் பாடத்தை நாம் உயிர் கொடுத்துக் கற்றிருக்கிறோம். நிலத்துக்குப் பொருந்தும் இப்பாடம் ஆய்வுக்கூடத்துக்கும் பொருந்தும்.

ஆய்வுக்கூடம் என்னும் சிற்றூர்

வகுப்பறையில் ஐம்பது மாணவருள் ஒருவராக இருந்து பயின்று, தேர்வெழுதி மதிப்பெண் பெறலாம். விடைத்தாளில் எண் மட்டுமே இருக்கும், பெயர் இராது. ஆய்வுக்கூடத்தின் அமைப்பு வேறு. அது ஒரு சிற்றூர் போன்றது. நெறியாளர் அதன் தலைவர். அவருக்குக்கீழ் மூத்த ஆய்வாளர், இளைய ஆய்வாளர், உதவியாளர் என ஒரு வரிசை. எந்தக் கருவியை எவர் எப்பொழுது பயன்படுத்துவது, எந்தத் தலைப்பு எவருக்குக் கிடைப்பது, கருத்தரங்குக்கு எவரை அனுப்புவது, கட்டுரையில் எவர் பெயர் முதலில் வருவது என்பன பெரும்பாலும் பேச்சிலேயே முடிவாகின்றன. மாலைத் தேநீரின்போது நடக்கும் உரையாடலில் ஒரு சோதனை ஏன் தோற்றது என்பது விளங்கிவிடும். அவ்வுரையாடலுக்கு அழைக்கப்படாதவர் அதே சோதனையை ஆறு திங்கள் தனியே செய்து தோற்பார். உதவித்தொகை வருவதற்கும் நெறியாளரின் சான்றும் கையொப்பமும் வேண்டும். இவற்றையெல்லாம் வீட்டில் தந்தையோ தமையனோ முன்பே சொல்லிக் கொடுத்த மாணவருக்குத் தடையில்லை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி கண்டவருக்கு இவையாவும் இருட்டறை.

2006ஆம் ஆண்டு செப்டம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்வி நிறுவனத்தில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர் நடத்தப்பெறும் முறையை ஆராயப் பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு வந்த அதன் அறிக்கை, விடுதியில் அம் மாணவர் சில தளங்களில் ஒதுங்கி வாழும் நிலையையும், உணவறையிலும் விளையாட்டிலும் தனிமைப்படுத்தப்படுவதையும், ஆசிரியரின் ஆதரவு போதிய அளவு கிடைக்காமையையும் எடுத்துரைத்தது. சீனிவாசனார் கோயமுத்தூரில் கண்டதும் சாகா கல்கத்தாவில் கண்டதும் நாட்டின் தலைநகரில் இந்த நூற்றாண்டிலும் தொடர்ந்தன.

2008ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஐதராபாத்துப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது நம் நெஞ்சை உலுக்குவது. சேலம் மாவட்டத்திலிருந்து சென்று அங்கு இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்த செந்தில்குமார் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மிகவும் ஒடுக்கப்பட்ட ஒரு சிறு சமூகத்தில் பிறந்து அவ்வளவு உயரம் ஏறியவர் அவர். சேர்ந்து பல திங்கள் ஆகியும் அவருக்கு நெறியாளர் ஒருவர் ஒதுக்கப்படவில்லை. பேராசிரியர் வினோத் பவராலா தலைமையில் பல்கலைக்கழகம் அமைத்த குழு இதனை ஆராய்ந்தது. நெறியாளர் ஒதுக்கீடு போன்றவற்றில் அத்துறையின் நடைமுறைகள் தெளிவற்றும் ஒரு சீராக இல்லாமலும் இருந்தன என்பதையும், தாழ்த்தப்பட்ட மாணவரின் நலனுக்கு மாறாகத் துறை நடக்கிறது என்னும் எண்ணம் மாணவரிடையே நிலவியதையும் அக் குழு பதிவு செய்தது.

தெளிவற்ற விதி என்பது பார்வைக்கு எவருக்கும் தீங்கு செய்யாதது போலத் தோன்றும். எவரையும் விலக்குமாறு அதில் ஒரு சொல்லும் இராது. ஆனால் விதி தெளிவாக இல்லாத இடத்தில் அறிமுகம் விதியாகிறது, உறவு விதியாகிறது, சாதி விதியாகிறது. செந்தில்குமாருக்கு மூடப்பட்ட கதவு எதுவென்று எவராலும் சுட்டிக்காட்ட இயலாது. திறந்த கதவும் ஒன்றும் இருக்கவில்லை.

உழைப்புக்குரிய பெயர் மறைக்கப்படுவதற்கு அமெரிக்க நாட்டிலும் சான்று உண்டு. விவியன் தாமஸ் என்னும் கறுப்பினத்தவர் 1930ஆம் ஆண்டு முதல் அறுவை மருத்துவர் ஆல்பிரட் பிளாலக்கின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்தார். பிறவியிலேயே இதயக் குறையுள்ள குழந்தைகளைக் காக்கும் அறுவை முறையை விலங்குகளிடம் செய்து பார்த்து வகுத்தவர் அவர். 1944ஆம் ஆண்டு நவம்பரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அவ்வறுவை முதன்முதல் நடைபெற்றபோது பிளாலக்கின் பின்னால் நின்று வழி கூறினார். ஆயினும் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த நாளில் ஏவலர் வகுப்பிலேயே அவர் பதியப்பட்டிருந்தார். அறுவையின் பெயரிலும் அவர் பெயர் இடம்பெறவில்லை. 1976ஆம் ஆண்டிலேயே அப் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. கைகளை ஏற்றுக்கொண்டு பெயரை மறைக்கும் வழக்கம் நமக்குப் புதியதன்று. ஆலயத்தைக் கட்டியவனை ஆலயத்துக்கு வெளியே நிறுத்திய நாடல்லவா இது!

சட்டம் நிற்கும் இடம்

இனி நம் கல்பாக்கத்துக்கு வருவோம். 2005ஆம் ஆண்டில் ஓமி பாபா தேசிய நிறுவனம் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. கல்பாக்கம் மையம் அதன் உறுப்பு நிறுவனங்களுள் ஒன்று. ஆதலின் இங்கேயே முனைவர் பட்டம் பெற வழி உண்டு. ஆனால் 2006ஆம் ஆண்டின் மத்தியக் கல்வி நிறுவனங்கள் (சேர்க்கையில் இட ஒதுக்கீடு) சட்டத்தை நம் இளைஞர் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். தாழ்த்தப்பட்டோருக்கு நூற்றுக்கு 15 இடங்களை ஒதுக்கும் அச் சட்டம், சில நிறுவனங்களுக்குத் தன் அட்டவணையின் வாயிலாக விலக்கு அளிக்கிறது. அவ்வட்டவணையில் முதலாவதாக நிற்பது ஓமி பாபா தேசிய நிறுவனமும் அதன் உறுப்புகளும். கல்பாக்கத்தின் பெயரும் அங்கு எழுதப்பட்டுள்ளது. ஆசிரியப் பணியிடங்கள் பற்றிய 2019ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே விலக்கு உண்டு. மத்திய அரசின் பொதுப் பணியிடங்களுக்கு இட ஒதுக்கீட்டு விதிகள் இருப்பினும், ஆராய்ச்சியை நடத்தவும் வழிநடத்தவும் வேண்டிய உயர் பதவிகளுக்கு விலக்கு அளிக்க 1975ஆம் ஆண்டு ஆணை ஒன்று இடம் தந்தது.

உயர்ந்த ஆய்வுக்கு ஒதுக்கீடு பொருந்தாது என்னும் எண்ணமே இவ் விலக்குகளின் அடிப்படை. இவை மாற வேண்டும் எனக் கோருவது நம் உரிமை. அக் கோரிக்கை தொடரட்டும். அதுவரையிலும், அதற்குப் பின்னரும், ஆய்வுக்கூடத்தின் அன்றாடப் பழக்கமே நம் இளைஞரின் வாழ்வை முடிவு செய்யும். சட்டம் நிற்கும் இடத்தில் பழக்கம் ஆட்சி செய்கிறது. ஆதலின் பழக்கத்தை நாம் கருதாமல் விட முடியாது.

இனி வேண்டுவன

நல்ல ஆய்வுக்கூடத்தின் இலக்கணம் கடினமானதன்று. சேர்ந்த நாளிலேயே அதன் வழக்கங்கள் எழுத்தில் தரப்பட வேண்டும். கருவிக்குரிய நேரம் அனைவரும் காணும் பதிவேட்டில் இருக்க வேண்டும். கட்டுரையில் பெயர் வரும் முறை, ஆய்வு தொடங்கும் முன்னரே பேசி முடிவு செய்யப்பட வேண்டும். புதியவர் ஒருவர் வினா எழுப்பும்போது சிரிப்பு எழாதிருக்க வேண்டும். ஆங்கிலம் தடுமாறுவது அறிவு தடுமாறுவதாகாது என்பதை மூத்தோர் உணர வேண்டும். இவற்றால் நன்மை பெறுவோர் நம்மவர் மட்டுமல்லர். சிற்றூரிலிருந்து வரும் பெண்களும், தமிழ் வழியில் பயின்ற எளிய மாணவர் அனைவரும் பயன் பெறுவர்.

எழுதிய விதிகள் சில ஏற்கெனவே உள்ளன. அவற்றை நம் இளைஞர் அறிந்திருத்தல் வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டுச் சமத்துவ விதிமுறைகள், ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் சம வாய்ப்புப் பிரிவும், பாகுபாட்டுக்கு எதிரான முறையீடுகளை விசாரிக்கும் அலுவலர் ஒருவரும் இருக்க வேண்டும் என்றன. முறையீட்டை 60 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்றும் கூறின. அவ்விதிமுறைகள் வந்தும் நிலைமை மாறவில்லை என்றே ரோகித் வெமுலா, பாயல் தத்வி ஆகியோரின் தாய்மார் 2019ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றத்தை அணுகினர். பெற்ற பிள்ளைகளை இழந்த பின்னும் பிறர் பிள்ளைகளுக்காக வழக்காடிய அத் தாய்மாரை நாம் நன்றியுடன் நினைக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் முனைவர் பட்ட விதிமுறைகள் ஒவ்வொரு ஆய்வு மாணவருக்கும் ஓர் ஆலோசனைக் குழு வேண்டும் என்றும், ஒவ்வொரு பருவத்திலும் அக் குழுவின் முன் அவர் தம் முன்னேற்றத்தை எடுத்துரைக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. ஒரே மனிதரின் விருப்பு வெறுப்பில் மாணவரின் வாழ்வு தொங்காமல் இருக்க இது ஒரு கைப்பிடி. அக் குழு கூடுகிறதா, அதன் முடிவு எழுதப்படுகிறதா என்று கேட்பது அடக்கமின்மை ஆகாது.

விதியைக் காக்க உடன் நிற்போர் தேவை என்று முன்பே கண்டோம். அப்பணி கழகம் போன்ற அமைப்புகளுக்கு உரியது. 1916ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரால் கல்விச்சாலை நிறுவியபோது, நம் பிள்ளைகளுக்கு எழுத்துடன் ஓர் இருப்பிடமும் துணையும் தேவை என உணர்ந்திருந்தார். ஆய்வுக்குச் செல்லும் இளைஞருக்கும் அத்தகைய துணை வேண்டும். அயலூர்ப் பல்கலைக்கழகம் சென்ற பிள்ளையிடம் ‘எப்பொழுது முடியும்? எப்பொழுது வேலை?’ என்று மட்டும் கேட்பதை நாம் நிறுத்துவோம். ‘நெறியாளர் யார்? அவர் உன்னிடம் பேசுகிறாரா? உதவித்தொகை வந்ததா? யாருடன் சேர்ந்து உண்கிறாய்?’ என்று கேட்போம். திங்கள்தோறும் ஒரு மடலோ தொலைபேசி அழைப்போ போதும். ஆய்வு முடித்தோர் இனிச் செல்வோருக்கு விண்ணப்பம் எழுதவும், நேர்காணலுக்கு ஆயத்தமாகவும், துறையின் வழக்கங்களை அறியவும் துணை நிற்கட்டும். துயரம் மிகும்போது தனியே தாங்காமல் ஒருவரிடம் சொல்லலாம் என்னும் நம்பிக்கையை ஒவ்வொரு பிள்ளைக்கும் அளிப்போம்.

இளைஞர்களே! கோழியாளத்துச் சிறுவன் மணி அடிக்கும்வரை வெளியே நின்றான். பின்னாளில் அவனே தன் சாதியின் பெயரைத் தலைப்பாக்கி இதழ் நடத்தினான். அந்த இரண்டு நிலைகளுக்கும் இடைப்பட்ட தொலைவே நம் வரலாறு. அத் தொலைவை அவர் தனியே கடக்க நேர்ந்தது. உங்களுக்கு அந்நிலை நேரலாகாது. நாளை உங்களுள் ஒருவர் ஓர் ஆய்வுக்கூடத்தின் தலைவராவீர். அன்று முதல் நாள் தயங்கி நிற்கும் மாணவரை, அவர் எச்சாதியினராயினும், பெயர் சொல்லி அழைத்து அமரச் செய்யுங்கள். கருவியின் திறவுகோலை அவர் கையில் கொடுங்கள். சாகா கோத்தாரிக்குச் செய்ததும் செலிக்மன் அம்பேத்கருக்குச் செய்ததும் அதுவே. அம் மரபை நம் சமுதாயமும் தொடங்குமாக!